சாவடி கேட்பவன் சாவடியைத் தாண்டியவன்

2021 மார்ச்சில் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் சாட்சி சொன்ன மார்க் ஸக்கர்பெர்க், 230ஆம் பிரிவைத் திருத்தலாம் என்று தானே யோசனை சொன்னார். சட்டவிரோதப் பதிவுகளைக் கண்டுபிடித்து நீக்கும் ஏற்பாடு தன்னிடம் இருப்பதாக நிரூபிக்கும் தளத்துக்கு மட்டும் சட்டப் பாதுகாப்பு என்பது அதன் சாரம். தளத்தின் அளவுக்கேற்ப என்று ஒரு வாலையும் சேர்த்துக்கொண்டார். ‘பாத்தீங்களா, ஃபேஸ்புக்கே இறங்கி வந்துடுச்சு’ என்றார்கள் நண்பர்கள். எனக்குச் சிரிப்புதான் வந்தது. சோதனைச்சாவடி வைக்கச் சொல்பவன் ஏற்கெனவே அதைத் தாண்டி நிற்பவன்.

230 ஏன் வந்தது? 1995இல் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று, பதிவுகளை ஒழுங்குபடுத்தினாய் என்பதையே காரணம் காட்டி, ப்ராடிஜி நிறுவனத்தைப் பதிப்பாளர் என்றது. வாசலைப் பெருக்கினால் தெருக்குப்பை முழுக்க உன் பொறுப்பு. பெருக்காமல் விட்டால் தப்பித்தாய். இந்த அபத்தத்துக்குப் பதிலாகத்தான் 1996இல் அந்தப் பிரிவு வந்தது. அதன் பெரிய பயன், வழக்கு தொடக்கத்திலேயே தள்ளுபடியாகும் என்பது. சின்னவனுக்குத் தீர்ப்பைவிடத் தீர்ப்பு வரும்வரை ஆகும் செலவுதான் எமன்.

இதற்குப் பக்கத்துச் சட்டத்தில் சாட்சி உண்டு. வியோ என்ற வீடியோ தளத்தின் மீது யுனிவர்சல் மியூசிக் 2007இல் பதிப்புரிமை வழக்குப் போட்டது. 2009இல் வியோ ஜெயித்தது. 2010இல் திவாலானது. மேல்முறையீட்டிலும் அதற்கே வெற்றி, வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை. யூட்யூபோ கன்டென்ட் ஐடிக்கு 10 கோடி டாலருக்கு மேல் செலவழித்ததாக கூகுளே 2018இல் சொன்னது.

நானும் ஒரு சின்ன நிறுவனத்தில் இப்படி வடிகட்டி எழுதியவன். கெட்ட வார்த்தையைப் பிடிப்பது ஒரு மத்தியான வேலை. ஒருவர் எழுதியது அவதூறா, நியாயமான புகாரா என்று பிரிக்க நிரல் போதாது; ஆள் வேண்டும், வக்கீல் வேண்டும். மொத்தமே நாங்கள் நாலு பேர்.

‘அப்போ பாதிக்கப்பட்டவங்க கதி?’ நியாயமான கேள்வி. பேக்பேஜ் தளத்தில் விற்கப்பட்ட சிறுமிகள் கற்பனை அல்ல. அவர்கள் பெயரைச் சொல்லித்தான் 2018இல் ஃபோஸ்டா சட்டம் வந்தது; ஃபேஸ்புக் அதை ஆதரித்தது, செனட்டில் 97க்கு 2. அதே வாரம் கிரெய்க்ஸ்லிஸ்ட் தன் தனிநபர் விளம்பரப் பகுதியையே மூடியது. பேக்பேஜை அரசு முடக்கியதோ ஃபோஸ்டா கையெழுத்தாவதற்கு முன்பே, பழைய சட்டங்களின் கீழ். புதிய குற்றப்பிரிவை மத்திய அரசு வழக்கறிஞர்கள் ஒரே ஒருமுறைதான் பயன்படுத்தியிருந்தார்கள் என்று 2021இல் அரசுத் தணிக்கை அமைப்பே எழுதியது.

பெரியவர்களைக் கட்டுப்படுத்த வேண்டாமா? கட்டாயம் வேண்டும், பெரியவர்களை மட்டும். ஐரோப்பிய டிஜிட்டல் சேவைகள் சட்டம் அடிப்படைப் பாதுகாப்பை அப்படியே வைத்துக்கொண்டு, ஐரோப்பாவில் மாதம் 4.5 கோடிப் பயனர்களைத் தொட்டவர்கள் மீது கூடுதல் கடமைகளைச் சுமத்துகிறது. மீறினால் உலக வருமானத்தில் 6 சதவீதம்வரை அபராதம். அதிலும் ஓட்டைகள் இருக்கலாம். ஆனால் யானைக்கான சங்கிலியை யானைக்குத்தான் போடுகிறது.

230ஐ இறுக்கு என்று இனி எவர் சொன்னாலும் ஒன்றை மட்டும் கேளுங்கள்: இதற்கான வக்கீல் பில்லை நாலு பேர் நிறுவனம் கட்ட முடியுமா? முடியாதென்றால், அந்தச் சட்டத்தால் ஃபேஸ்புக் அடங்காது. அதன் போட்டியாளர்கள்தான் காணாமல் போவார்கள்.