மைக்கை அணைத்து விளையாடுகிறவர்கள்

சென்ற டிசம்பர் விடுமுறையில் உம்மம்மாவின் வீட்டில் பேரப்பிள்ளைகள் எல்லோரும் கூடியிருந்தோம். பெரியவர்கள் விறாந்தையில் கதைத்துக்கொண்டிருக்க, பெரியம்மாவின் மகளான ராத்தா ஒரு மூலையில் இருந்து கைத்தொலைபேசியில் பப்ஜி விளையாடிக்கொண்டிருந்தார். நான்கு பேர் ஓர் அணியாகச் சேர்ந்து, மற்ற அணிகளுடன் மோதி, கடைசிவரை எஞ்சி நிற்பதுதான் அந்த விளையாட்டு. ராத்தா அதில் கெட்டிக்காரி. ஆனால் இரண்டு விடயங்கள் எனக்குப் புதினமாக இருந்தன. விளையாட்டில் அவர் வைத்திருந்த பெயர் ஓர் ஆணின் பெயர். அதோடு, அணியிலிருந்த மற்ற மூவரும் மைக்கில் சத்தமாகக் கதைத்துக்கொண்டிருக்க, அவர் மட்டும் மைக்கை அணைத்துவிட்டுத் திரையிலுள்ள குறிப்புப் பொத்தான்களை அழுத்தியே எதிரி இருக்கும் இடத்தைக் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏன் ராத்தா, நீங்க மட்டும் கதைக்கிறீங்க இல்ல?" என்று கேட்டேன்.

"கதைச்சா விளையாட விடமாட்டாங்க புள்ள" என்றார்.

நான் நம்பவில்லை. "அப்ப நீயே கேளு" என்று மைக்கைத் திறந்தார். "வலப்பக்க வீட்டுக்குள்ள ஒராள் இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

"அடேய், பொம்புளப் புள்ளடா!" என்று ஒருவன் சிரித்தான். "குசினியில வேலை இல்லையா?" என்றான் இன்னொருவன். மூன்றாமவன் தொலைபேசி இலக்கம் கேட்டான். பதில் வராமற்போகவே, இங்கே எழுத முடியாத ஒரு சொல்லால் ஏசினான். இந்தக் கூத்தில் வலப்பக்க வீட்டுக்குள் இருந்த எதிரியை ஒருவரும் கவனிக்கவில்லை. அவன் வெளியே வந்து இருவரைச் சுட்டு வீழ்த்தினான். "எல்லாம் இவளாலதான்" என்று அந்தப் பழியும் ராத்தாவின் தலையிலேயே விழுந்தது.

ராத்தா மைக்கை அணைத்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் தொடர்ந்து விளையாடினார். எனக்குத்தான் மனம் ஆறவில்லை. அந்த மூன்றாவது குரலுக்குப் பதினைந்து அல்லது பதினாறு வயதுதான் இருக்கும். அவன் பேசிய தமிழ் எங்கள் பக்கத்துத் தமிழ். அவனும் யாரோ ஒரு வீட்டில் தம்பியாகவோ நானாவாகவோ இருப்பவன்தான்.

ஆண் விளையாடினால் அவனை 'கேமர்' என்கிறார்கள். பெண் விளையாடினால் அவள் 'கேர்ள் கேமர்' ஆகிவிடுகிறாள். ஒரு சொல் கூடுதலாக ஒட்டுவதில் என்ன குறை என்று கேட்கலாம். அந்தச் சொல்லுக்குப் பின்னால் வருகின்ற பட்டங்களைப் பாருங்கள். அவள் வென்றால், 'ஏமாற்றுகிறாள்' அல்லது 'நானா விளையாடிக் கொடுக்கிறான்'. தோற்றால், 'பெண்தானே'. கதைத்தால், 'ஆண்களின் கவனத்தை ஈர்க்க வந்தவள்'. கதைக்காவிட்டால், 'திமிர் பிடித்தவள்'. விளையாட்டில் உண்மையான ஆர்வம் இல்லாமல் நடிக்கிறாள் என்ற பொருளில் 'ஃபேக் கேமர் கேர்ள்' என்றொரு பட்டமும் ஆங்கிலத்தில் உண்டு. பெண் குரல் கேட்டதும் 'எனக்கொரு சாண்ட்விச் செய்து கொண்டு வா' என்பது மேல்நாட்டு விளையாட்டுக் களங்களின் பழைய கேலி. நம் ஊர்ப் பையன் 'குசினி' என்றது அதன் தமிழாக்கம்தான். அவள் எப்படி விளையாடினாலும் அதற்கொரு பட்டம் முன்கூட்டியே தயாராக இருக்கிறது.

தென் கொரியாவில் நடந்த ஒரு சம்பவம் இதற்கு நல்ல உதாரணம். அங்கே கிம் சே-யொன் என்ற இளம்பெண் 'கெகுரி' என்ற புனைபெயரில் 'ஓவர்வொட்ச்' விளையாடிவந்தார். 2016 இல், அவருக்குப் பதினேழு வயதாக இருந்தபோது, ஒரு போட்டியில் அவருடைய அணியிடம் தோற்ற தொழில்முறை வீரர்கள், இவ்வளவு துல்லியமாக ஒருவரால் குறிபார்க்க முடியாது, ஏமாற்று மென்பொருள் பயன்படுத்துகிறார் என்று குற்றம் சாட்டினார்கள். குற்றச்சாட்டு பொய்யானால் விளையாட்டையே விட்டுவிடுகிறோம் என்று இருவர் சவாலும் விட்டார்கள். விளையாட்டை உருவாக்கிய பிளிஸார்ட் நிறுவனம் விசாரித்து, எந்த மோசடியும் இல்லை என்று அறிவித்தது. அதுவும் போதவில்லை. அந்தச் சிறுமி ஒரு கலையகத்துக்குப் போய், தன் கை அசைவையும் திரையையும் கமெராக்கள் நேரடியாகக் காட்டிக்கொண்டிருக்க, எல்லோர் முன்னிலையிலும் விளையாடிக் காட்டவேண்டியிருந்தது. குறி தவறவில்லை. சவால் விட்டவர்கள் விலகிக்கொண்டார்கள். 2018 இல் ஷங்ஹாய் ட்ராகன்ஸ் அணியில் சேர்ந்து, ஓவர்வொட்ச் லீக்கில் ஆடிய முதல் பெண் என்ற பெயரை அவர் பெற்றார்.

இந்தக் கதையை வெற்றிக் கதையாகவே எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கோ வேறொன்று உறுத்துகிறது. அவ்வளவு திறமை இல்லாத ஒரு பெண்ணுக்கு அன்று என்ன நடந்திருக்கும்? சாதாரணமாக விளையாடும் உரிமை ஆண்களுக்கு இருக்கிறது. பெண்ணோ ஓர் அரிய திறமைசாலியாக இருந்து, அதையும் கமெரா முன் நிரூபித்த பின்னர்தான் உள்ளே வரலாம் என்றால் அது நியாயமல்ல.

"இதெல்லாம் ஒன்றிரண்டு பேருக்கு நடப்பது" என்று ஒதுக்கிவிடவும் முடியாது. 2012 இல் வெளியான ஓர் ஆய்வில், ஜெஃப்ரி குஸ்னெகொஃப், லின்ட்சி ரோஸ் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 'ஹேலோ 3' என்ற விளையாட்டில் ஓர் எளிய சோதனையைச் செய்தார்கள். முன்கூட்டியே பதிவுசெய்த சாதாரண வசனங்களைச் சில ஆட்டங்களில் ஆண் குரலிலும், சில ஆட்டங்களில் பெண் குரலிலும் ஒலிக்கவிட்டார்கள். சில ஆட்டங்களில் குரலே இல்லை. பெண் குரலுக்குக் கிடைத்த ஏச்சும் பேச்சும் மற்ற இரண்டையும்விட மூன்று மடங்கு. வசனங்கள் மாறவில்லை, குரல் மட்டுமே மாறியது.

2015 இல் அதே குஸ்னெகொஃப், மைக்கல் கஸுமோவிச் என்பவருடன் சேர்ந்து வெளியிட்ட இன்னோர் ஆய்வு மேலும் சிந்திக்க வைக்கிறது. பெண் குரலிடம் அதிகம் கடுமையாக நடந்துகொண்டவர்கள் ஆட்டத்தில் பின்தங்கியிருந்த ஆண்கள். நன்றாக விளையாடியவர்கள் அவளிடம் ஒப்பீட்டளவில் நல்லவிதமாகவே நடந்துகொண்டார்கள். தன் இடம் பறிபோய்விடுமோ என்று பயப்படுகிறவனே அதிகம் சத்தம் போடுகிறான் என்றுதான் இதை நான் விளங்கிக்கொள்கிறேன்.

இந்தத் துறையில் பெண்கள் நேற்று வந்தவர்களும் அல்லர். 1978 இல் அட்டாரி நிறுவனத்தில் சேர்ந்த கெரல் ஷோ என்ற பெண், 1982 இல் வெளிவந்து பெரும் வரவேற்பைப் பெற்ற 'ரிவர் ரெய்ட்' விளையாட்டை வடிவமைத்தார். படங்களுடன் கதை சொல்லும் கணினி விளையாட்டுகளின் முன்னோடியான 'மிஸ்டரி ஹவுஸ்' 1980 இல் ரொபர்ட்டா வில்லியம்ஸ் என்ற பெண்ணால் வடிவமைக்கப்பட்டது. ஆனால் 1989 இல் நின்டெண்டோ வெளியிட்ட கையடக்க விளையாட்டுக் கருவியின் பெயர் 'கேம் போய்'. விளம்பரங்களும் பெரும்பாலும் பையன்களையே காட்டின. இது ஆண்களின் இடம் என்ற எண்ணம் பிறப்பில் வந்ததல்ல, விற்பனைக்காக வளர்க்கப்பட்டது.

அந்த எண்ணத்தைக் கேள்வி கேட்டவர்கள் பட்ட பாடு சாதாரணமானதல்ல. அனிட்டா சர்கீசியன் என்ற விமர்சகர், விளையாட்டுகளில் பெண் பாத்திரங்கள் எப்படிச் சித்திரிக்கப்படுகின்றன என்று ஆராயும் காணொளித் தொடர் ஒன்றை 2012 இல் அறிவித்தார். அவருடைய முகத்தில் குத்தி விளையாடும் ஒரு விளையாட்டையே ஒருவர் தயாரித்து இணையத்தில் விட்டார். 2014 ஒக்டோபரில் அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அவர் உரையாற்றவிருந்தபோது, அங்கு வருபவர்களைச் சுட்டுக் கொல்வோம் என்று மிரட்டல் வந்தது. அந்த மாநிலச் சட்டப்படி, அனுமதிப்பத்திரம் உள்ளவர்கள் துப்பாக்கியோடு வருவதைத் தடுக்க முடியாது என்று பல்கலைக்கழகம் கூறியதால் அவர் உரையை இரத்துச் செய்தார். அவர் செய்த குற்றம், விளையாட்டுகளைப் பற்றி ஒரு கருத்துச் சொன்னது மட்டும்தான்.

இதை வாசிக்கும் சிலர், "ஆண்களும் ஒருவரையொருவர் ஏசிக்கொள்ளத்தானே செய்கிறார்கள்?" என்று கேட்பார்கள். உண்மைதான். ஆனால் ஒரு பையனை ஏசுவது அவன் விளையாடிய விதத்துக்காக. அடுத்த ஆட்டத்தில் நன்றாக விளையாடினால் அந்த ஏச்சு கழுவுப்பட்டுப் போய்விடும். பெண்ணை ஏசுவது அவள் பெண் என்பதற்காக. அதை அவள் எந்த ஆட்டத்தில் வென்று கழுவுவது?

இன்னும் சிலர், குறிப்பாகப் பெற்றோர், "அப்படியானால் பெண் பிள்ளைகள் விளையாடாமல் இருந்தால் என்ன?" என்று கேட்பார்கள். இரவு பகலாக விளையாடுங்கள் என்று நான் சொல்ல வரவில்லை. படிப்புக்கும் தொழுகைக்கும் தூக்கத்துக்கும் உரிய நேரத்தை விளையாட்டு விழுங்கக்கூடாது. அந்தக் கட்டுப்பாடு பையன்களுக்கும் சேர்த்துத்தான். ஆனால் ஏச்சுக்குப் பயந்து ஓரிடத்தை விட்டு விலகுவதைத் தீர்வு என்று ஏற்றுக்கொண்டால், அது விளையாட்டோடு நிற்காது. பேருந்தில் தொல்லை கொடுத்தவன் இருக்கையில் வசதியாக இருக்க, தொல்லைப்பட்டவள் பாதி வழியில் இறங்கி நடந்த கதைகள் நமக்குத் தெரியாதவையா?

விளையாட்டுத்துறை இன்று பெரிய தொழிற்றுறையும்கூட. நம்மில் தகவல் தொழினுட்பம் படிக்கும் மாணவிகள் நாளை அங்கே வேலைக்குப் போகலாம். 'லீக் ஒஃப் லெஜண்ட்ஸ்' விளையாட்டை உருவாக்கிய ரயட் கேம்ஸ் நிறுவனத்துக்கு எதிராக, சம்பளப் பாகுபாடும் தொந்தரவும் இருப்பதாகப் பெண் ஊழியர்கள் 2018 இல் வழக்குத் தொடர்ந்தார்கள். 2021 இல் 100 மில்லியன் டொலர் செலுத்தி அந்த வழக்கைத் தீர்த்துக்கொள்ள நிறுவனம் உடன்பட்டது. விளையாடும்போது பழகிய பேச்சு, வளர்ந்து பெரியவனானதும் தானாக மறைந்துவிடும் என்று நம்பியிருக்க என்னால் முடியவில்லை.

அன்புள்ள பெற்றோரே, ராத்தாவிடம் நான் கடைசியாக ஒன்று கேட்டேன். "இதையெல்லாம் பெரியம்மாட்ட சொன்னீங்களா?" அவர் சிரித்தார். "சொன்னா போனைப் பறிச்சிடுவாங்க. அவனுக்கு ஒண்டும் ஆகாது, எனக்குத்தான் தண்டனை." நம் வீடுகளில் எத்தனை பிள்ளைகள் இப்படி வாயை மூடிக்கொண்டிருக்கிறார்கள்? இன்று இலக்கம் கேட்பவன் நாளை புகைப்படம் கேட்பான், மறுநாள் மிரட்டுவான். பிள்ளை வீட்டில் சொல்லமாட்டாள் என்ற துணிவில்தான் அவன் அதைச் செய்கிறான். எனவே உங்கள் மகள் ஒரு கசப்பான விடயத்தைச் சொன்னால், முதலில் தொலைபேசியைப் பறிக்காதீர்கள். உட்கார்ந்து கேளுங்கள். வந்த செய்திகளை அழிக்காமல் திரைப்படமாக எடுத்து வைக்கவும், ஆளைத் தடுத்து முறையிடவும் உதவுங்கள். மிரட்டல் என்றால் 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

அதைவிட முக்கியமானது மகனிடம் பேசுவது. பெண் பிள்ளைகளுக்கு அறிவுரை சொல்ல வீட்டில் எல்லோரும் இருக்கிறார்கள். பெயரை மாற்று, மைக்கை அணை, படம் போடாதே. மைக்கைத் திறந்து வைத்திருக்கும் பையன் அதில் என்ன பேசுகிறான் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. காதில் ஹெட்செட் மாட்டியபடி அறையில் இருக்கும் பிள்ளை, வீட்டில்தானே இருக்கிறான் என்று நிம்மதியாக இருந்துவிடுகிறோம். நாவைப் பேணச் சொல்லி வளர்க்கும் வீடுகள் நம்முடையவை. அந்தப் பேணுதல் மைக்குக்கும் உரியது.

விடுமுறை முடிந்து வீட்டுக்கு வந்ததும் நான் என் தம்பியிடம் கேட்டேன். அவனும் விளையாடுகிறவன். "உங்கட அணியில ஒரு பெண் பிள்ளை வந்தா நீ என்ன சொல்லுவாய்?" அவன் உடனே பதில் சொல்லவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டே, "எல்லாரும் சொல்றதைத்தான்" என்றான். என்ன அது என்று கேட்டபோது, என் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல அவனால் முடியவில்லை.

ராத்தாவை ஏசிய அந்தக் குரலை நான் வெளியே எங்கோ தேடிக்கொண்டிருந்தேன். ராத்தாவுக்கு நடந்ததை அன்று தம்பிக்கு முழுதாகச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. விளையாட்டை நிறுத்திவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் மாறிவிட்டானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் ராத்தாவின் முகத்தை நினைக்காமல் இனி அந்தச் சொல்லைச் சொல்வது அவனுக்கு இலகுவாக இருக்காது என்று நம்புகிறேன்.

இந்தப் பக்கத்தை மூடிய பிறகு, உங்கள் வீட்டிலுள்ள நானாவிடமோ தம்பியிடமோ அதே கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்.