பிரிவினை கேட்கிறோம், வன்தட்டில்

"ஆர்ட்ஸ் ஃபக்கல்டிப் பெடியளுக்கு என்னத்துக்கு லினக்ஸ்?" லெப்டொப் திருத்துற கடையில கேட்பினம். கணினி படிக்கிற நண்பர்கள் சிரிச்சுக்கொண்டு கேட்பினம். விரிவுரையாளர்கள் கேட்காமலே முகத்தில காட்டுவினம். எங்கட பதில் நேரானது: முதல்ல தேவைப்படுறதே எங்களுக்குத்தான்.

உட்துறைமுக வீதியில இருந்து உப்புவெளி வரைக்கும் எங்களில கனபேரிட்ட இருக்கிறது கொழும்பில யாரோ பாவிச்சு வித்த லெப்டொப். இன்ரெல் ஆறாம், ஏழாம் தலைமுறை. விண்டோஸ் 10 இற்கான ஆதரவு 2025 ஒக்டோபர் 14 உடன் முடிஞ்சுது. பதிவு செய்தால் இன்னும் ஒரு வருடத்துக்குப் பாதுகாப்புத் திருத்தம் வரும், அவ்வளவுதான். விண்டோஸ் 11 க்கு டிபிஎம் 2.0 வேணும், இன்ரெல் எண்டால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்கு மேல வேணும். எங்கட மெஷின் பழுதாகேல்ல. கீபோட் வேலை செய்யுது, திரை வேலை செய்யுது. ஒரு கம்பனி குறிச்ச திகதி அதைக் குப்பையாக்கப் பார்க்குது. 2022 இல் டொலர் 200 ரூபாயில இருந்து 360 க்குப் போன பிறகு புதுசு வாங்கு எண்டு சொல்லுறவை, எந்த வீட்டுக் கணக்கைப் பார்த்துச் சொல்லுகினம்?

இன்னொரு பக்கம் லினக்ஸ் பக்தர்கள். "விண்டோஸை முழுசா அழிச்சுப் போடு, அப்பதான் விடுதலை." இந்த வீரமும் எங்களுக்கு ஒத்துவராது. நாங்கள் கேட்கிறது பிரிவினை. (1983 இன் ஆறாம் திருத்தம் இந்த நாட்டில பிரிவினை கேட்கிறதைத் தடை செய்தது. நல்லகாலம், அது வன்தட்டுக்குப் பொருந்தாது.) விண்டோஸ் இருக்கிற பகுதியைச் சுருக்கி, மிஞ்சிற இடத்தில 60, 70 ஜிபி ஒதுக்கி உபுண்டுவையோ மின்டையோ போட்டால், மெஷினைப் போடேக்க எந்தப் பக்கம் போறது எண்டு அது எங்களிட்ட கேட்கும்.

திருகோணமலைக்காரருக்குப் பங்கு பிரிக்கிறது புதுசில்ல. வெள்ளைக்காரன் கட்டின 99 எண்ணெய்த் தாங்கிகளை 2022 ஜனவரி ஒப்பந்தத்தில பிரிச்சவை: 14 லங்கா ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, 61 இரண்டு பேரின்ர கூட்டுக் கம்பனிக்கு. துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த எங்களிட்ட ஒருத்தரும் கேட்கேல்ல. வன்தட்டிலயாவது கோட்டை நாங்களே போடுவம்.

பயப்பட வேண்டிய இடங்களும் இருக்கு. பகுதியைச் சுருக்கிற நேரத்தில கரண்ட் போனால், பற்றரி செத்த மெஷினில எல்லாம் போகலாம். 2022 பங்குனியில 13 மணித்தியாலம் இருட்டில இருந்த சனம் நாங்கள், இதைச் சொல்லித் தரத் தேவையில்லை. ஆய்வேட்டை முதல்ல பென் டிரைவில எடுத்து வைக்கவேணும். பிட்லொக்கர் போட்டிருந்தால் அதின்ர மீட்புச் சாவியை எழுதி வைக்கவேணும். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிப்பாட்டவேணும், இல்லாட்டில் விண்டோஸ் பக்கத்துக் கோப்புகளை லினக்ஸில இருந்து திருத்தேலாமப் போகும். பிறகு ஒரு வேடிக்கை: லினக்ஸ் மெஷின் கடிகாரத்தைக் கிறீன்விச் நேரத்தில வைக்கும், விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் எண்டு நினைக்கும். பின்னேரம் 5.30 க்கு விண்டோஸுக்குப் போனால் நண்பகல் 12 எண்டு காட்டும். அசைன்மென்ட் கடைசி நாளில இதை நம்பி இருந்திடக்கூடாது. ஒரு அமைப்பை மாத்தினால் சரி.

பக்கத்து வீட்டுக்காரரையும் முழுசா நம்பேலாது. 2024 ஓகஸ்டில மைக்ரோசொஃப்ட் விட்ட ஒரு பாதுகாப்புத் திருத்தம், இரண்டு இயங்குதளம் இருக்கிற மெஷின்களைத் தொடாது எண்டுதான் சொல்லப்பட்டது. தொட்டுது. கனபேருக்கு லினக்ஸ் பக்கம் திறக்கவே இல்லை. இதைக் காட்டி "அப்ப வேண்டாம்" எண்டு சொல்லுறவைக்கு: பக்கத்து வீட்டுக்காரன் எங்கட கதவைப் பூட்டினால் கேள்வி கேட்கவேண்டியது அவனிட்ட, எங்களிட்ட இல்லை.

ஆனால் கோடு போட்டால் மட்டும் காணாது. தமிழ்நாட்டைப் பாருங்கோ. 2011 இல் தொடங்கின இலவச மடிக்கணினித் திட்டத்தில விண்டோஸோட, சிடாக் உருவாக்கின பாஸ் லினக்ஸையும் சேர்த்தே பிள்ளைகளுக்குக் குடுத்தவை. ஒரே மெஷினில இரண்டும். எண்டாலும் வெளியில எல்லாரும் கேட்டது விண்டோஸை. அந்தப் பக்கத்துக்குப் போறதுக்குப் பிள்ளைக்கு ஒரு காரணமும் இருக்கேல்ல. கேரளத்தில பள்ளிக்கூடத் தகவல் தொழில்நுட்பப் பாடத்தையே கட்டற்ற மென்பொருளில நடத்தினவை. அங்க லினக்ஸ் ஆள் இருக்கிற வீடு, இஞ்சால அது பூட்டிக் கிடந்த அறை.

எங்கட அறையைப் பூட்டி வைச்சிருக்கிறது பாமினி. ஓம், அந்த எழுத்துருதான். கலைப்பீடத்தில எங்களை விண்டோஸோட கட்டி வைச்சிருக்கிறது மைக்ரோசொஃப்ட்டை விட, "பாமினியில், 12 அளவில், வேர்ட் கோப்பாக" எண்ட அந்த ஒரு வரி. பாமினியில அடிச்சது உண்மையில தமிழே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி. எழுத்துரு இல்லாத மெஷினில திறந்தால் முகமூடி கழண்டு விழும். தேடினால் அகப்படாது. பார்வை இல்லாத எங்கட சக மாணவருக்கு, திரைவாசிப்பான் அதை அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகளாத்தான் வாசிக்கும். தமிழ் படிக்கிற பீடத்தில, தமிழ்க் கட்டுரையை ஒரு தமிழ் மாணவர் கேட்க முடியாமல் இருக்கு. இதைவிட என்ன வேணும்? யுனிகோட்டைப் பின்பற்றின எஸ்.எல்.எஸ். 1326 எண்ட தமிழ்த் தரத்தை இந்த நாடு 2008 இலேயே கொண்டுவந்திட்டுது. அந்த ரெங்கநாதன் விசைப்பலகையையும் லினக்ஸில போடலாம். சொல்லப்போனால் பாமினி எழுத்துருவையே லினக்ஸில போட்டு லிப்ரே ஒஃபிசில அடிக்கலாம். அதால "லினக்ஸில தமிழ் வராது" எண்ட சாட்டும் பொய்.

துறைத் தலைவர்களிட்ட நாங்கள் கேட்கிறது காசில்லாத அலுவல். அடுத்த செமஸ்டர் அறிவுறுத்தல் தாளில "பாமினி" எண்ட சொல்லை வெட்டி "யுனிகோட்" எண்டு போடுங்கோ. வேர்டோட ஓடிடி, பிடிஎஃப் கோப்புகளையும் ஏற்றுக்கொள்ளுங்கோ. மெஷினைப் பிரிக்கிற வேலையை நாங்கள் பார்ப்பம். ஒரு சனிக்கிழமையும், கரண்ட் போகாத நாலு மணித்தியாலமும், ஒரு 8 ஜிபி பென் டிரைவும் காணும்.