இரண்டாவது கிதார் எதற்கு?

“ஒன்று இருக்கும்போது இன்னொன்று எதற்கு?” மின்கிதார் வாசிக்கும் பெண் உள்ள எந்த வீட்டிலும் இக்கேள்வி ஒருநாள் எழாமல் இராது. கேள்வி நியாயமானதே. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பெற்றோர் அதைக் கேட்காவிட்டால்தான் வியப்பு. ஆயினும் அதற்கு நேரான பதில் ஒன்று உண்டு. ஹெவி மெட்டல் என்னும் இசையை வாசிக்க விரும்பும் ஒருத்தி, முதல் கிதாரால் செய்ய இயலாத வேலையைச் செய்யக்கூடியதையே இரண்டாவதாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். வேறு நிறத்திலோ, பெயர்பெற்ற கம்பெனியின் முத்திரையுடனோ மற்றுமொரு முதல் கிதாரையே வாங்குவது வீண்செலவு என்பது என் கருத்து.

நம் நாட்டு இசைக்கு இது புதிய செய்தியன்று. கச்சேரிக்குச் செல்லும் மிருதங்க வித்துவான், பாடுபவரின் சுருதிக்கேற்ற மிருதங்கத்தை எடுத்துச் செல்கிறார். பாடகருக்கு ஒன்று, பாடகிக்கு வேறொன்று. அவரிடம் “ஒன்று போதாதா?” என்று எவரும் கேட்பதில்லை. நாகசுரத்திலும் திமிரி, பாரி என இருவகை உண்டு. திமிரி குட்டையானது, உயர்ந்த சுருதியில் ஒலிப்பது. பாரி நீளமானது, சுருதி தாழ்ந்தது, நாதத்தில் கனம் மிக்கது. நாகசுரச் சக்கரவர்த்தி திருவாவடுதுறை டி. என். ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) பாரியைக் கையிலெடுத்தார். நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆச்சாரி அவருக்கு ஏற்றவாறு கருவியைச் செய்து கொடுத்தார். சுருதி இறங்கியபோது கருவியும் மாறியது. ஹெவி மெட்டலின் கதையும் ஏறத்தாழ இதுவே.

அக்கதை இங்கிலாந்தில் பர்மிங்காம் என்னும் தொழில் நகரில் தொடங்குகிறது. 1965-இல் டோனி அயோமி என்ற பதினேழு வயது இளைஞர், தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில் தம் கடைசி வேலை நாளன்று வலக்கையின் இரு விரல்களின் நுனிகளை இயந்திரத்தில் இழந்தார். அவர் இடக்கைக்காரர். ஆகவே தந்திகளை அழுத்த வேண்டிய விரல்களே போய்விட்டன. அவர் சோர்ந்துவிடவில்லை. பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்தார். அதன்மேல் பழைய சட்டையொன்றின் தோலை வெட்டி ஒட்டினார். (குரோம் முறையில் தோல் பதனிட்ட தொழிற்சாலையால் பெயர் பெற்ற ஊர் நம்முடையது. தோலின் அருமையை நமக்கு யார் சொல்ல வேண்டும்!) மெல்லிய தந்திகளைப் பூட்டினார். பின்னர், விரலுக்கு நோவு குறையும்படி தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கினார். 1971-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டில் வழக்கமான சுருதியிலிருந்து மூன்று அரைச்சுரம் இறங்கியிருக்கிறது. அந்தக் கனத்த ஒலியைத்தான் உலகமெங்கும் இன்றளவும் பின்பற்றுகிறார்கள்.

இரண்டாவது கிதாருக்கும் இவரிடமே சான்று உண்டு. பிளாக் சபாத் குழுவின் முதல் இசைத்தட்டை 1969-இல் பதிவு செய்யத் தொடங்கியபோது அவர் கையிலிருந்தது ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டர். ஒலிப்பதிவின் நடுவே அதன் பிக்கப் பழுதாயிற்று. மாற்றுக்கென்று வைத்திருந்த கிப்சன் எஸ்.ஜி.யை எடுத்து வாசித்தார், அதன்பின் எஸ்.ஜி.யே அவருடைய கிதாராயிற்று. 1970 பிப்ரவரி 13 அன்று அத்தட்டு வெளிவந்தது. ஹெவி மெட்டல் பிறந்ததே ஓர் இரண்டாவது கிதாரில்தான் என்று நான் சொன்னால் அது பெரிய மிகையாகாது.

இனி, எதைப் பார்த்து வாங்குவது? முதலில் பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தச்சுருளுக்கு அப்பெயர். என்னிடமுள்ள கிதாரில் இருப்பது ஒற்றைச் சுருள். ஆலயப் பாடகர் குழுவில் வாசிக்க அதன் தெளிந்த ஒலி மிகப் பொருத்தம். ஆனால் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் அலையையும் அது சேர்த்தே பிடித்துக்கொள்ளும். ஹெவி மெட்டலுக்குரிய டிஸ்டார்ஷனைத் திருப்பினால் அந்த ‘ம்ம்’ என்ற இரைச்சல் பாட்டையே விழுங்கிவிடும். இதற்கு மருந்தாக, எதிரெதிர்த் திசையில் சுற்றிய இரு சுருள்களை இணைத்து, இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கவும் தந்தியின் ஒலி மட்டும் கூடவும் செய்தார், 1955-இல் கிப்சன் கம்பெனியின் சேத் லவர். அதுவே ஹம்பக்கர். இரண்டாவது கிதாரில் இது கட்டாயம் இருக்க வேண்டும்.

அடுத்தது பாலம். சில கிதார்களில் பாலம் தராசுத் தட்டுப்போல் சுருள்வில்லின் இழுப்பில் மிதந்து நிற்கும். ஒரு தந்தியைத் தளர்த்தினால் மற்ற ஐந்தும் சுருதி மாறும். அடிக்கடி சுருதி மாற்றுகிறவளுக்கு அதைவிடத் தொல்லை வேறில்லை. அசையாத பாலமே நல்லது. மூன்றாவது, தந்தியின் தடிப்பு. மூன்று அரைச்சுரம் இறக்கினால் அதே தந்தியின் விறைப்பு ஏறக்குறைய நூற்றுக்கு 30 குறைந்துவிடும். அயோமிக்கு அந்தத் தளர்ச்சியே தேவைப்பட்டது. நமக்கோ கடவுள் பத்து விரலையும் தந்திருக்கிறார். தடித்த தந்தி பூட்டலாம். மரம், நிறம், கொம்பு முளைத்த வடிவம் இவற்றைப் பற்றிக் கடைக்காரர் சொல்வதைக் கேட்டுக்கொண்டால் போதும், காசு கொடுக்க வேண்டாம்.

வேறொரு தடையும் உண்டு. இது சாத்தானின் இசை என்று சிலர் அஞ்சுகின்றனர். பிளாக் சபாத்தின் அந்த முதல் பாட்டில் வரும் சுர இடைவெளிக்கு ஐரோப்பிய இசைநூலார் அப்படியே பெயரிட்டதும் உண்மை. ஆனால் அது நம் சட்ஜமத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இடைவெளிதான்! 72 மேளகர்த்தாக்களில் 36 அதைக் கொண்டவை. மங்களமான கல்யாணியும் அவற்றுள் ஒன்று. அக்குழுவின் பாடல்களைப் பெரும்பாலும் எழுதிய கீஸர் பட்லர் கத்தோலிக்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். அவர்கள் கழுத்தில் அணிந்த சிலுவைகள், பாடகர் ஆஸி ஆஸ்பர்னின் தந்தை தம் கையால் செய்து கொடுத்தவை. வன்மையான பாடல்களில் எல்லாமே நல்லவை என்று நான் வாதாடவில்லை, திரைப்பாடல்களிலும் அப்படித்தானே? பொறுக்கிக் கேட்க வேண்டியதுதான்.

பெண்ணுக்கு இது தகுமா என்பாருக்கு ஒரு பெயர் சொல்கிறேன்: சிஸ்டர் ரோசெட்டா தார்ப் (1915–1973). நம் அருட்சகோதரிகளைப்போல் துறவியல்லர். அமெரிக்கத் திருச்சபையில் வளர்ந்து தேவ கீதங்களை மின்கிதாரில் முழக்கியவர். பிற்காலத்தில் அவர் கையிலிருந்ததும் எஸ்.ஜி. வடிவக் கிதாரே. நம் காலத்தில், இந்தோனேசியாவின் மேற்கு ஜாவாவில் முக்காடிட்ட பள்ளி மாணவியர் மூவர் 2014-இல் தொடங்கிய ‘வாய்ஸ் ஆஃப் பாசெப்ரோட்’ குழு, 2024-இல் இங்கிலாந்தின் கிளாஸ்டன்பரி விழாவில் ஹெவி மெட்டல் வாசித்தது.

அக்கம்பக்கத்தாருக்குத் தொல்லையாகாதோ என்றால், மின்கிதாரைக் காதணிபேசியில் வாசிக்கலாம். மிருதங்கத்துக்கு அந்த வசதி இல்லை. மீனம்பாக்கத்து விமானங்களையும் ஜி.எஸ்.டி. சாலையையும் பொறுத்துக்கொள்ளும் குரோம்பேட்டையார் இதையும் பொறுப்பர்.

பொதுத்தேர்வு முடியும்வரை காத்திருப்பதில் எனக்குத் தடையில்லை. அதன்பின் வாங்கப் போகும்போது, 1842-இல் மிஸ்கித் என்ற பெயரில் தொடங்கிய அண்ணா சாலை மியூசி மியூசிகலானாலும், நம் பகுதிச் சிறு கடையானாலும், படத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் கையில் வாங்கி வாசித்துப் பார்க்க வேண்டும். சட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் மட்டும் சேர்த்து மீட்டி, டிஸ்டார்ஷனை முழுதும் திருப்பிவிட்டு, உள்ளங்கையால் தந்தியை அமர்த்துங்கள். ஒலி உடனே நின்றால் அக்கிதாரை மேலும் பார்க்கலாம். நிற்காமல் இரைந்தால் அடுத்ததை எடுக்கச் சொல்லுங்கள். விலை பேசி முடித்தபின், தடித்த தந்தி தடையின்றி உட்காருமாறு கழுத்தின் முனையிலுள்ள காடிகளை அராவித் தரும்படியும் கேட்டுக்கொள்ளுங்கள்.