ஒரு படி போதுமா?

நுழையும்முன்

ஓலையில் இருந்ததை மீண்டும் ஓலையில் எழுதிக் காத்தனர் முன்னோர். கணினியில் இருப்பதை மற்றொரு தட்டில் பதிந்து காக்க வேண்டியவர்கள் இன்றைய தலைமுறையினர். இரண்டும் ஒரே கடமையே என்னும் கருத்தை இக்கட்டுரை முன்வைக்கிறது.

பணிமாற்றம் பெற்று ஊர்விட்டு ஊர் செல்லும் தமிழ்க் குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றல் ஆணை வரும். கட்டில், பீரோ, பாத்திரங்கள் யாவும் கட்டப்பட்டு லாரியில் ஏறும். மடிக்கணினியும் துணிகளுக்கு நடுவே ஒரு பெட்டியில் பயணம் செய்யும். அதில்தான் பாட்டியின் குரல் இருந்தது. கோடை விடுமுறைக்குத் திருநெல்வேலி சென்றிருந்தபோது, பாட்டி சொன்ன கதைகளையும் பாடிய தாலாட்டையும் பேத்தி திறன்பேசியில் பதிவு செய்தாள். பின்னர் அவற்றைக் கணினிக்கு மாற்றினாள். திறன்பேசியில் இடம் போதாமையால் அங்கிருந்தவற்றை அழித்துவிட்டாள். புதிய ஊரில் பெட்டியைத் திறந்தபோது மடிக்கணினி இயங்கவில்லை. பழுது பார்ப்பவர், “கணினியைச் சரிசெய்துவிடலாம், உள்ளே இருந்தவற்றை மீட்க முடியாது” என்றார். பாட்டியும் இப்போது இல்லை.

இக்குடும்பம் கற்பனையே. ஆனால் இத்தகைய இழப்பு கற்பனையன்று. கணினியோ திறன்பேசியோ உள்ள எந்த வீட்டிலும் நிகழக்கூடியது. கணினியைக் கடையில் மீண்டும் வாங்கலாம். பாட்டியின் குரலை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. இவ்விழப்புக்கு உண்மையான காரணம் கணினி பழுதானதன்று. அக்குரலுக்கு ஒரே ஒரு படி மட்டும் இருந்ததே காரணம். ஓர் இடத்தில் மட்டும் உள்ள பொருளைப் பாதுகாக்கப்பட்ட பொருள் என்று கூற இயலாது.

முன்னோர் எடுத்த படி

‘படி’ என்னும் சொல் தமிழுக்குப் புதியதன்று. ஓர் ஓலைச்சுவடியைப் பார்த்து வேறு ஓலையில் எழுதுவதைப் ‘படியெடுத்தல்’ என்றனர். ஓலைக்கு ஆயுள் உண்டு. கரையானும் பூச்சியும் அதனை அரிக்கும். ஈரம் பட்டால் அது கெடும். ஆகவே, பழைய ஏடு சிதையும் முன்பே புதிய ஏட்டில் படியெடுக்க வேண்டியிருந்தது. படியெடுக்கப்பட்டவை நிலைத்தன, படியெடுக்கப்படாதவை மறைந்தன.

ஐம்பெருங்காப்பியங்களுள் சிலப்பதிகாரம், மணிமேகலை, சீவக சிந்தாமணி ஆகியவை இன்று கிடைக்கின்றன. வளையாபதியும் குண்டலகேசியும் முழுமையாகக் கிடைக்கவில்லை. பிற நூல்களிலும் உரைகளிலும் எடுத்தாளப்பட்ட சில பாடல்களே எஞ்சியுள்ளன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் கிடைக்கவில்லை. அந்நூல்களை இயற்றிய புலவர்களின் திறமையில் குறையில்லை. அவற்றைக் காத்த படிகளே அற்றுப்போயின.

உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடுகளைத் தேடியதை மாணவர்கள் அறிவர். ஒரு நூலுக்கு ஒரு சுவடி கிடைத்தவுடன் அவர் நிறைவடைந்துவிடவில்லை. வேறோர் ஊரில் அந்நூலின் மற்றொரு படி உண்டா என்று தேடினார், படிகளை ஒப்பிட்டார். ஒரு படியில் சிதைந்த இடத்தை மற்றொரு படியைக் கொண்டு அறிந்தார். இவ்வாறே 1887ஆம் ஆண்டு சீவக சிந்தாமணியும் 1894ஆம் ஆண்டு புறநானூறும் அவரது பதிப்பாக அச்சேறின. ஒரே நூலின் படிகள் பல ஊர்களில் இருந்தமை அவரது உழைப்புக்குத் துணைநின்றது.

1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அவற்றுள் அச்சு நூல்கள் பலவற்றுக்கு வேறிடங்களில் படிகள் இருந்தன. அவற்றை மீண்டும் திரட்ட முடிந்தது. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் கையெழுத்து ஏடுகளும் திரும்பி வரவே இல்லை.

கைக்குள் அடங்கும் ஏட்டறை

அன்று ஓலையும் எழுத்தாணியும் செய்த பணியை இன்று புற வன்தட்டு செய்கிறது. பேச்சுவழக்கில் இதனை ‘எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்’ என்பர். ஐ.பி.எம். நிறுவனம் 1956ஆம் ஆண்டு அறிமுகப்படுத்திய முதல் வன்தட்டுக் கருவியில், 24 அங்குல விட்டம் கொண்ட 50 தட்டுகள் இருந்தன. அவ்வளவு பெரிய கருவியால் ஏறத்தாழ 50 இலட்சம் எழுத்துகளை மட்டுமே தாங்க முடிந்தது. இன்று சட்டைப்பையில் அடங்கும் 1 டெராபைட் வன்தட்டில், 4 மெகாபைட் அளவுள்ள ஒளிப்படங்கள் ஏறத்தாழ இரண்டரை இலட்சத்தைச் சேமிக்கலாம்.

இதனைப் பயன்படுத்துவதும் எளிது. வடத்தின் வழியே கணினியுடன் இணைத்து, வேண்டிய கோப்புறைகளை நகலெடுத்தால் போதும். ஆண்டு, ஊர், நிகழ்வு ஆகியவற்றைக் கோப்புறையின் பெயராக இட்டால் பின்னர்த் தேடுவது எளிதாகும். நகலெடுத்த கோப்புகளுள் சிலவற்றைத் திறந்து பார்த்து உறுதி செய்தல் வேண்டும். பின்னர், கணினியில் உரிய கட்டளையைக் கொடுத்துப் பாதுகாப்பாக வெளியேற்றிய பிறகே வடத்தைப் பிடுங்க வேண்டும்.

இங்கேதான் பலரும் ஒரு பிழை செய்கின்றனர். கோப்புகளை வன்தட்டிற்கு மாற்றிவிட்டு, கணினியில் உள்ளவற்றை அழித்துவிடுகின்றனர். இது இடமாற்றமே அன்றிப் படியெடுத்தல் அன்று. முன்பு கணினியில் ஒரு படி இருந்தது. இப்போது வன்தட்டில் ஒரு படி இருக்கிறது. எண்ணிக்கை ஒன்றாகவே நிற்கிறது. கற்பனைக் குடும்பத்துப் பேத்தி செய்ததும் இதுவே.

வன்தட்டும் அழியாப் பொருளன்று. அதன் உள்ளே காந்தப்பூச்சுடைய தட்டுகள் நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கின்றன. படிக்கும் முனை தட்டைத் தொடாமல், மிக நுண்ணிய இடைவெளியில் மிதக்கிறது. இயங்கும் வேளையில் வன்தட்டு கீழே விழுந்தால் முனை தட்டின்மீது மோதிப் பதிவுகள் கெடலாம். சுழலும் தட்டு இல்லாத எஸ்.எஸ்.டி. வகை அதிர்ச்சியைத் தாங்கும். எனினும் அதுவும் ஒரு நாள் பழுதாகும். ஆகவே, ஓலையைப் போலவே வன்தட்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை புதியதற்குப் படியெடுத்தல் அறிவுடைமையாகும்.

இணையம் இருக்க வன்தட்டு எதற்கு?

இணையத்தில் சேமித்தால் போதாதா என்று சிலர் வினவுவர். இது நியாயமான வினாவே. வீட்டில் தீப்பற்றினாலும் வெள்ளம் புகுந்தாலும் இணையத்தில் உள்ள படி தப்பிப் பிழைக்கும். ஆயினும், அதற்கும் எல்லைகள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் இடம் குறைவு. கடவுச்சொல்லை மறந்தால் கதவு திறவாது. மேலும், திறன்பேசியும் இணையச் சேமிப்பும் ஒன்றோடொன்று ஒத்திசையும்படி அமைத்திருந்தால், திறன்பேசியில் தவறுதலாக அழித்த படம் இணையத்திலிருந்தும் நீங்கிவிடக்கூடும். ஒத்திசைவு வேறு, காப்புப்படி வேறு. எனவே, இணையம் வன்தட்டுக்குத் துணையாகலாம், மாற்றாக முடியாது.

வன்தட்டு எப்போதும் கணினியுடன் இணைந்தே இருந்தாலும் தீங்குண்டு. 2017ஆம் ஆண்டு ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் உலகெங்கும் கணினிகளைத் தாக்கி, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இத்தகைய தீநிரல்கள், தாக்கப்பட்ட கணினியில் இணைக்கப்பட்டுள்ள வன்தட்டையும் விட்டுவைப்பதில்லை. படியெடுத்து முடித்தபின் வன்தட்டைக் கழற்றி வைப்பதே நன்று.

கணினி வல்லுநர்கள் ‘3-2-1’ என்றொரு நெறியைக் கூறுவர். மூன்று படிகள் இருத்தல் வேண்டும்; அவை இரு வகைக் கருவிகளில் இருத்தல் வேண்டும்; அவற்றுள் ஒன்றேனும் வேறிடத்தில் இருத்தல் வேண்டும். 2015ஆம் ஆண்டு சென்னை வெள்ளத்தில் பலருடைய பள்ளிச் சான்றிதழ்கள் அழிந்தன. அரசு சிறப்பு முகாம்கள் நடத்தி மாற்றுச் சான்றிதழ்கள் கிடைக்க வழிசெய்தது. அலுவலகப் பதிவேடுகளில் அவற்றின் விவரங்கள் இருந்தமையால் அது இயன்றது. வீட்டு ஒளிப்படங்களுக்கும் குரல் பதிவுகளுக்கும் அத்தகைய பதிவேட்டை எந்த அலுவலகமும் வைத்திருப்பதில்லை. குடும்பமே அதனை வைத்திருக்க வேண்டும்.

இதில் வெளிமாநிலங்களில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு வாய்ப்பு இருக்கிறது. அவர்களுக்குப் பணி செய்யும் ஊர் ஒன்று, சொந்த ஊர் ஒன்று என இரண்டு ஊர்கள் உண்டு. இவ்வாறு பிரிந்து வாழ்வது துன்பமாகத் தோன்றலாம். காப்புப்படிக்கோ அதுவே வலிமையாகும். ஒரு வன்தட்டு குவாகாத்தியிலும் மற்றொன்று திருநெல்வேலியில் தாத்தா வீட்டுப் பீரோவிலும் இருந்தால், ஒரே வெள்ளம் இரண்டையும் அழிக்க முடியாது. ஆண்டுதோறும் ஊருக்குச் செல்லும்போது அதில் புதிய படங்களையும் பதிவுகளையும் சேர்த்துவிட்டு வரலாம்.

இரண்டு வன்தட்டுகள் வாங்கப் பொருள்வசதி இல்லாதோரும் உண்டு. அவர்கள் எல்லாவற்றையும் ஒரே நாளில் காக்க வேண்டியதில்லை. திரைப்படங்களும் விளையாட்டுகளும் மீண்டும் கிடைக்கும், அவற்றை விட்டுவிடலாம். முதியோரின் குரல், குடும்ப ஒளிப்படம், சான்றிதழ்களின் நகல், தாமே எழுதிய படைப்பு ஆகியவை மீண்டும் கிடைக்கமாட்டா. இவற்றை ஒரு சிறு பென் டிரைவில் படியெடுத்துத் தொடங்கினாலும் நன்றே.

ஆண்டுதோறும் மார்ச் 31ஆம் நாள் உலகக் காப்புப்படி நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பல பள்ளிகளில் ஆண்டு முடிந்து புதிய வகுப்பு தொடங்கும் காலமும் அதுவே. பழைய புத்தகங்களை அடுக்கி வைக்கும் அந்நாளில், வீட்டிலுள்ள பதிவுகளையும் படியெடுப்பதை மாணவர்கள் வழக்கமாக்கிக் கொள்ளலாம். இப்பணிக்குப் பெரியவர்களை எதிர்பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. பல வீடுகளில் கணினியை நன்கு கையாளத் தெரிந்தவர்கள் பிள்ளைகளே. தமிழ் பேசும் சுற்றம் அருகில் இல்லாத ஊரில், பாட்டி பேசிய தமிழைத் தம்பி தங்கையர் நாளை கேட்பதற்கு அப்பதிவே வழியாக அமையலாம்.

சொற்பொருள்

படி – நகல்
ஏடு – எழுதப்பட்ட பனையோலை
புற வன்தட்டு – கணினிக்கு வெளியே வைத்து இணைக்கும் சேமிப்புக் கருவி
தீநிரல் – கணினிக்குத் தீங்கு விளைவிக்கும் நிரல்
ஒத்திசைவு – இரு கருவிகளில் ஒரே மாற்றம் நிகழ்தல்

சிந்தித்து எழுதுக

1. ‘இடமாற்றம் படியெடுத்தல் அன்று’ – கட்டுரையின் வழி விளக்குக.
2. உ.வே.சாமிநாதையர் ஒரு நூலின் பல படிகளைத் தேடியது ஏன்?
3. இணையச் சேமிப்பு மட்டுமே போதும் என்னும் கருத்தை ஏற்கிறீர்களா? காரணம் காட்டி எழுதுக.
4. உங்கள் வீட்டில் ஒரே ஒரு படி மட்டும் உள்ள பொருள்கள் ஐந்தனைப் பட்டியலிட்டு, எதற்கு முதலில் படியெடுப்பீர்கள் என எழுதுக.