பெட்டிக்குள் எழுதியிருப்பதை வாசிப்பது களவா?

பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள், வாசித்த பிறகு ஏசுங்கள்.

போன தவணையில் ஒரு பாடசாலையில் தகவல் தொழினுட்பக் கண்காட்சி நடந்தது. எந்தப் பாடசாலை, யார் அதிபர் என்று இன்பொக்ஸில் வந்து கேட்க வேண்டாம். நாம் ஆட்களைப் பற்றிக் கதைக்க வரவில்லை, ஒரு மனநிலையைப் பற்றிக் கதைக்க வந்திருக்கிறோம்.

தரம் 10 மாணவன் ஒருவன் இரண்டு பழைய செகா மெகா டிரைவ் டிவி கேம் பெட்டிகளைக் கொண்டு வந்திருந்தான். ஒன்று அவனுடைய மாமா சவூதியில் இருந்த காலத்தில் கொண்டு வந்தது. மற்றது பழைய சாமான் கடையில் வாங்கியது. வெளியே பார்த்தால் இரண்டும் ஒரே கறுப்புப் பெட்டிதான். ஆனால் ஒரு கேசட் மாமாவின் பெட்டியில் ஓடும், கடைப் பெட்டியில் ஓடாது. கடைக்காரர் “போர்ட் போயிட்டு தம்பி, வீசுங்க” என்று சொல்லிவிட்டார். பிள்ளை வீசவில்லை. மற்றக் கேசட்டுகள் அதே பெட்டியில் நன்றாக ஓடுகின்றனவே, அப்படியென்றால் போர்ட் எப்படிப் போயிருக்கும் என்று யோசித்தான். இரண்டையும் கழற்றினான். ஒரு ஆர்டுயினோ போர்டில் வயர் கட்டி, கேசட்டுகளின் தொடக்கப் பைட்டுகளை வாசித்தான். கண்டதை ஒரு பிரிஸ்டல் போர்டில் எழதி ஒட்டினான்.

நடுவர் ஒருவர் வந்து பார்த்தார். “இது கம்பனிக்காரன்ட ரகசியம். இது ஹேக்கிங். களவு வேலையைப் பிள்ளைகளுக்குக் காட்டக் கூடாது” என்றார். போர்ட் கழற்றப்பட்டது. பிள்ளையிடம் மன்னிப்புக் கடிதம் வாங்கப்பட்டது. அந்த இடத்தில் ஆசிரியர்களாகிய நாமும் நின்றோம். யாரும் வாய் திறக்கவில்லை. அந்த மௌனத்துக்குப் பரிகாரமாகத்தான் இந்தப் பதிவு.

முதலில் அந்தப் பிள்ளை என்ன கண்டான் என்று பார்ப்போம்.

மெகா டிரைவ் ஜப்பானில் 1988இல் வெளிவந்த 16 பிட் இயந்திரம். அமெரிக்காவில் 1989இல் ஜெனசிஸ் என்ற பெயரில் விற்றார்கள். முதல் வந்த பெட்டிகள் கேசட்டைப் போட்டதும் நேராக அதை ஓட்டிவிடும். எதையும் சோதிக்காது. பிறகு வந்த பெட்டிகளில் செகா கம்பனி சத்தமில்லாமல் ஒரு சிறிய நிரலைச் சேர்த்தது. பெட்டியின் பெயர் மாறவில்லை, கேசட் போடும் வாய் மாறவில்லை, உள்ளே மட்டும் மாறியது. அந்த நிரல் கேசட்டின் 256ஆவது பைட்டுக்குப் போய் நான்கு எழுத்துகளைத் தேடும். பதினறும எண்ணில் 53, 45, 47, 41. சாதாரண தரத்தில் நாம் படிப்பிக்கும் ஆஸ்கி அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எஸ், ஈ, ஜீ, ஏ. அதாவது செகா என்ற பெயர்.

அந்த நான்கு எழுத்து இருந்தால், “செகா என்டர்பிரைசஸ் நிறுவனத்தால் அல்லது அதன் அனுமதியின் கீழ் தயாரிக்கப்பட்டது” என்ற ஆங்கில வாசகம் சில வினாடிகள் திரையில் தோன்றும். பிறகு விளையாட்டு தொடங்கும். இல்லாவிட்டால் தொடங்காது. அது மட்டுமல்ல. விளையாட்டும் தன் பங்குக்கு அந்த நான்கு எழுத்தைப் பெட்டிக்குள் குறிப்பிட்ட ஓர் இடத்தில் எழுத வேண்டும். எழுதாவிட்டால் படம் காட்டும் சிப் வேலை செய்யாது. தான் எந்த வகைப் பெட்டி என்பதையும் அந்த இயந்திரமே ஒரு பைட்டின் கடைசி நான்கு பிட்களில் சொல்லி வைத்திருக்கிறது. அங்கே பூச்சியம் இருந்தால் சோதனை இல்லாத பழைய பெட்டி.

ஆகவே கடைப் பெட்டி பழுதில்லை. கேசட்டும் பழுதில்லை. அந்தக் கேசட்டில் நான்கு எழுத்து இல்லை, அவ்வளவுதான். “வீசுங்க” என்று சொல்லப்பட்ட பெட்டியை 15 வயதுப் பிள்ளை காப்பாற்றியிருக்கிறான். இருமம், பதினறுமம், ஆஸ்கி, நினைவகம் எல்லாமே அந்த ஒரு பிரிஸ்டல் போர்டில் இருந்தன. நாம் இரண்டு வருடம் கரும்பலகையில் எழுதியும் மண்டையில் ஏறாததை அவன் ஒரு கேசட்டில் காட்டினான். அதற்குப் பரிசு மன்னிப்புக் கடிதம்.

சரி, “களவு” என்ற வார்த்தைக்கு வருவோம்.

இதே கேள்வி 30 வருடத்துக்கு முன்பே நீதிமன்றம் போய்த் தீர்ந்த கேள்வி. அமெரிக்காவில் அக்கலேட் என்று ஒரு விளையாட்டுக் கம்பனி. செகாவின் அனுமதி ஒப்பந்தத்தில் சேர விரும்பாமல், செகாவின் பெட்டியையும் மூன்று கேசட்டுகளையும் வாங்கிப் பிரித்து, உள்ளே இருந்த நிரலை வாசித்து, பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு கையேடு எழுதியது. அந்தக் கையேட்டில் செகாவின் நிரல் இல்லை, பெட்டி எதிர்பார்க்கும் தேவைகள் மட்டுமே இருந்தன. அதை வைத்துத் தன் சொந்த விளையாட்டுகளைச் செய்தது. 1991 ஜனவரியில் ஒரு கண்காட்சியில் செகாவின் புதிய பெட்டி வந்தபோது, அக்கலேட்டின் விளையாட்டு அதில் ஓடவில்லை. நம் பிள்ளைக்கு வந்த அதே பிரச்சினை! அவர்களும் திரும்பவும் பிரித்து வாசித்தார்கள். விடையைக் கண்டார்கள். 20 முதல் 25 பைட் வரையான ஒரு துண்டு. அவர்களுடைய விளையாட்டு ஒவ்வொன்றும் 5 இலட்சம் முதல் 15 இலட்சம் பைட் வரை. அந்தச் சிறு துண்டை அடுத்த விளையாட்டுகளில் சேர்த்தார்கள்.

1991 ஒக்டோபரில் செகா வழக்குப் போட்டது. 1992 ஏப்ரலில் கீழ் நீதிமன்றம் செகாவுக்குச் சார்பாகத் தடையுத்தரவு கொடுத்தது. அதே வருடம் ஒகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்தத் தடையை நீக்கியது, ஒக்டோபரில் காரணங்களை எழுதியது. ஒரு நிரலில் உள்ள, பதிப்புரிமையால் பாதுகாக்கப்படாத கருத்துகளையும் செயற்பாடுகளையும் அறிய அதைப் பிரித்து வாசிப்பதைத் தவிர வேறு வழியில்லை என்றால், அப்படி அறிய நியாயமான காரணமும் இருந்தால், அது நியாயமான பயன்பாடு என்றது.

திரையில் வந்த அந்த வாசகம்? அக்கலேட்டின் விளையாட்டைப் போட்டாலும் “செகாவின் அனுமதியோடு” என்றுதான் பெட்டி சொன்னது. அது பொய். அந்தப் பொய்யைச் சொன்னது யார்? வாசகத்தை எழுதிப் பெட்டிக்குள் ஒளித்து வைத்தது செகா. அதனால் அந்தக் குழப்பத்துக்கு முதன்மைப் பொறுப்பு செகாவுக்கே என்று நீதிமன்றம் சொன்னது. அடுத்த வருடம் இரு கம்பனிகளும் சமாதானமாகிவிட்டன.

செகா பக்கத்து நியாயத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாமும் அந்த நடுவரைப் போல ஆகிவிடுவோம். தாய்வானிலும் தென்கிழக்காசியாவிலும் செகாவின் விளையாட்டுகளை அப்படியே நகல் எடுத்து விற்றார்கள். அன்று தாய்வானில் வெளிநாட்டுப் பதிப்புரிமை செல்லாது, வர்த்தகச் சின்னத்தைப் போலி செய்தால் மட்டும் வழக்குப் போடலாம். ஆகவே நகல் விளையாட்டிலும் செகாவின் பெயர் கட்டாயம் திரையில் வரும்படி செய்தால் அவர்களைப் பிடிக்கலாம் என்பது கணக்கு. நகல் வியாபாரியைப் பிடிக்கப் பொறி வைத்தது பிழையில்லை. அதே பொறியில் சொந்தமாக விளையாட்டு எழுதுகிறவனையும் பிடிக்கப் பார்த்ததுதான் பிழை.

இப்போது சிலர் கேட்பார்கள்: “அப்போ எல்லாமே ஹலாலா சேர்?” இல்லை. அதே 1992இல் இன்னொரு தீர்ப்பும் வந்தது. நின்டெண்டோவின் அமெரிக்கப் பெட்டியில் ஒரு பூட்டுச் சிப் இருந்தது. ஜப்பானில் விற்ற ஃபமிகாமில் அது இல்லை. எங்கள் வீடுகளில் “டிவி கேம்” என்று இருந்தவையும் பெரும்பாலும் அந்த ஃபமிகாமின் நகல்கள்தான், அதனால்தான் எந்தக் கேசட்டைச் செருகினாலும் ஓடின. அட்டாரி கேம்ஸ் கம்பனி அந்தப் பூட்டைத் திறக்க முயன்றது. தானாகப் பிரித்து முழுமையாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. பதிப்புரிமை அலுவலகத்துக்குப் போய், ஒரு வழக்கில் நாங்கள் பிரதிவாதிகள், அதற்குத் தேவை என்று உண்மையில்லாத காரணம் சொல்லி நிரலின் பிரதியை வாங்கியது. நீதிமன்றம் அட்டாரிக்கு எதிரான தடையுத்தரவை உறுதிப்படுத்தியது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே வருடம், ஒரே வகைப் பூட்டு. காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து வாசித்து, விளங்கி, சொந்தமாகச் செய்தவன் தப்பினான். பொய் சொல்லிப் பிரதி வாங்கியவன் மாட்டினான். களவுக்கும் கல்விக்கும் இடையிலுள்ள கோடு இதைவிடத் தெளிவாகத் தெரியுமா? திருகாணி கழற்றுவதில் இல்லை அந்தக் கோடு. பொய்யிலும் நகல் வியாபாரத்திலும் இருக்கிறது.

அமெரிக்கத் தீர்ப்பு நம் நாட்டைக் கட்டுப்படுத்தாது, தெரியும். நாம் சட்டத்தரணிகளும் அல்ல. ஆனால் நமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்து 11ஆம் பிரிவை வாசியுங்கள். விமர்சனம், கற்பித்தல், ஆய்வு போன்றவற்றுக்கான நியாயமான பயன்பாடு மீறல் அல்ல என்று அதிலேயே இருக்கிறது. ஒரு மாணவன் கண்காட்சிக்காகச் சில பைட்டுகளை வாசித்து விளக்கியது கற்றல் இல்லையென்றால் வேறு என்ன?

இனிக் கசப்பான பகுதி.

“களவு” என்று தீர்ப்புச் சொன்ன அதே கட்டடத்தில், அலுவலகக் கணினியில் ஓடுவது எந்த விண்டோஸ்? கடையில் 100 ரூபாய்க்கு வாங்கிய சீடியில் இருந்து போட்டது யார்? போட்டோக்கொப்பி கடையில் முழுப் புத்தகத்தையும் அடித்து மாணவர்களுக்கு விற்றது யார்? நாம்தான். நம் எல்லோருக்கும் இதில் பங்கிருக்கிறது. அப்படியே நகல் எடுத்துப் பாவிப்பது நமக்கு உறுத்தவில்லை. ஒரு பிள்ளை நகல் எடுக்காமல் “இது எப்படி வேலை செய்யுது?” என்று கேட்டதும் உறுத்துகிறது. நமக்கு உண்மையில் பயம் களவைப் பற்றியல்ல, கேள்வியைப் பற்றி.

கேள்வி கேட்டவர்களால்தான் இந்த வரலாறே இன்று தெரிகிறது. நின்டெண்டோ கேம் போயை எடுங்கள். அதன் தொடக்க நிரல் வெறும் 256 பைட். கேசட்டில் உள்ள 48 பைட் நின்டெண்டோ சின்னத்தைத் தன்னிடம் உள்ளதோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தன்னைத்தானே மறைத்துக்கொள்ளும். பிறகு எந்த விளையாட்டாலும் அதை வாசிக்க முடியாது. 1989இல் வந்த இயந்திரத்தின் அந்த நிரலை 2003இல்தான் ஒருவர் சிப்பைத் திறந்து, நுணுக்குக்காட்டியில் ஒவ்வொரு பிட்டாகப் பார்த்து எழுதி எடுத்தார். பிறகுதான் கேம் போய்க்கும் கேம் போய் பொக்கெட்டுக்கும் அந்த நிரலில் ஒரேயொரு பைட்தான் வித்தியாசம் என்பதையெல்லாம் ஒப்பிட முடிந்தது. அவரை யாரும் மன்னிப்புக் கடிதம் எழுதச் சொல்லவில்லை.

பெற்றோர்களே, நம் பிள்ளைகள் நாளை கொழும்பிலோ கட்டாரிலோ வேலைக்குப் போகும்போது, பொத்தான் அழுத்தத் தெரிந்தவனுக்கு ஒரு சம்பளம், பெட்டி ஏன் ஓடவில்லை என்று கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்கு இன்னொரு சம்பளம். கல்வியியற் கல்லூரியில் எங்களுக்கு “கண்டறிந்து கற்றல்” என்று பக்கம் பக்கமாகப் படிப்பித்தார்கள். பரீட்சைக்கு எழுதினோம், சித்தியடைந்தோம். ஒரு பிள்ளை உண்மையாகவே கண்டறிந்து வந்து நின்றபோது பார்த்துக்கொண்டு நின்றோம்.

ஆகவே நாம் கேட்பது மூன்றுதான்.

ஒன்று, அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு, பிரிஸ்டல் போர்டைத் திரும்ப ஒட்டுங்கள். பிள்ளையைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் விளக்கச் சொல்லுங்கள்.

இரண்டு, ஒவ்வொரு பாடசாலைக் களஞ்சிய அறையிலும் கழித்த கணினிகள் தூசு பிடித்துக் கிடக்கின்றன. பதிவேட்டு வேலையை முறையாக முடித்து, அவற்றில் ஒன்றிரண்டைப் பிள்ளைகள் கழற்றிப் பார்க்கக் கொடுங்கள். பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை நாமே முன்வைக்கப் போகிறோம். பெற்றோர் வந்து கை உயர்த்தினால் போதும். மின்சாரம் பாயும் பெட்டியை எப்படிப் பாதுகாப்பாகத் திறப்பது என்பதையும் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது நம் கடமை.

மூன்று, “களவு” என்ற பாரமான வார்த்தையை ஒரு பிள்ளையின் தலையில் வைக்கும் முன் பத்து நிமிடம் விசாரியுங்கள். பெரியவருக்கு அது வாயில் வந்த ஒரு சொல். 15 வயதுப் பிள்ளைக்கு அது ஊரில் ஒட்டிக்கொள்ளும் பட்டம்.

அந்தப் பிள்ளை நேற்று எங்களிடம் கேட்டான்: “சேர், பெட்டி பொய் சொன்னது எண்டு எழுதினதுக்கா எனக்கு ஏசினாங்க?” எங்களிடம் பதில் இருக்கவில்லை. உங்களிடம் இருந்தால் கீழே எழுதுங்கள். அவனும் வாசிப்பான்.