ஈகையா? கடனா?

சொல்லை மாற்றிவிட்டால் செயலும் மாறிவிடும் என்று எண்ணுவது ஆள்வோரிடம் நெடுநாளாக உள்ள நோய். விலையேற்றத்தை 'விலைச் சீரமைப்பு' என்பர். ஆட்குறைப்பை 'நிருவாக மறுசீரமைப்பு' என்பர். பெயர் பட்டாடை உடுத்தி நிற்கும். பறிபோனது பறிபோனதாகவே இருக்கும். இவ்வகைச் சொல்மாற்றங்களுள் மிகக் கொடியதென யான் கருதுவது ஒன்றுண்டு. 2005 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், இரஷ்ய நாட்டு முதியோரை உறைபனிக் காலத்துத் தெருக்களுக்கு இழுத்து வந்த 'பணமாக்கல்' என்னும் சொல்லே அது. மொழியைக் கற்பிப்போரும் கற்போரும் அச்சொல்லின் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று. ஒற்றைச் சொல்லின் பின்னே எத்துணைப் பெரிய அநீதி ஒளிந்துகொள்ள இயலும் என்பதற்கு அதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

நிகழ்ந்ததைச் சுருங்கக் கூறுவோம். சோவியத்து ஆட்சியிலும் அதன் பின்னரும் இரஷ்யாவில் போர்வீரர், உடற்குறையுற்றோர், நெடுங்காலம் உழைத்து 'உழைப்பு மூத்தோர்' என்னும் சிறப்புப் பெற்றோர் முதலிய பல பிரிவினர்க்கு நகரப் பேருந்திலும் டிராமிலும் கட்டணமின்றிச் செல்லும் உரிமை இருந்தது. 2004 ஆகஸ்டு 22 ஆம் நாள் கையொப்பமிடப்பட்ட 122 ஆம் எண் கூட்டாட்சிச் சட்டம் அவ்வுரிமையை முடித்துவைத்தது. 2005 சனவரி முதல் நாள் தொட்டுப் பயணம், மருந்து முதலிய பல உதவிகட்குப் பதிலாக மாதந்தோறும் ஒரு தொகை தரப்படும் என்றது அது. அத்தோடு மக்களையும் இருகூறாக்கியது. போர்வீரரும் உடற்குறையுற்றோரும் நடுவண் அரசின் பொறுப்பு; உழைப்பு மூத்தோரும், போர்க்காலத்தில் உள்நாட்டில் உழைத்தோரும், அரசியல் ஒடுக்குமுறைக்கு ஆளானோரும் அந்தந்த வட்டார அரசின் பொறுப்பு. வட்டாரத்தின் பெட்டியில் பணம் இருந்தால் அவர்கட்குக் கிடைக்கும். இல்லையெனில் அவர்தம் தலையெழுத்து!

புத்தாண்டு பிறந்தது. முதல் நாள் வரை அட்டையைக் கண்டதும் தலையசைத்து வழிவிட்ட நடத்துநர், மறுநாள் காசுக்குக் கை நீட்டினார். அப்போதுதான் சட்டத்தின் பொருள் முதியோர்க்கு முழுமையாக விளங்கிற்று. சனவரி 10 ஆம் நாள், மாஸ்கோவை அடுத்த கிம்கி நகரத்து ஓய்வூதியர் லெனின்கிராடு நெடுஞ்சாலையை மறித்தனர். ஏன் கிம்கி? மாஸ்கோ செல்வமிக்க நகரம். தன் முதியோர்க்கு இலவசப் பயணத்தைத் தன் பணத்தில் தொடர்ந்து அளித்தது. எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருந்த கிம்கி மக்களோ மாஸ்கோ வட்டாரத்தைச் சேர்ந்தவர்கள். அவர்கள் மாஸ்கோவுக்குள் செல்லும் உரிமையை இழந்தனர். ஒரே போரைக் கண்டவர்கள், ஒரே நாட்டுக்கு உழைத்தவர்கள். ஒருவர் வீடு கோட்டுக்கு இப்பால், மற்றவர் வீடு அப்பால். முகவரியைக் கொண்டு முதுமையை மதிப்பிடும் சட்டத்தை நீதி என்று எவ்வாறு அழைப்பது?

தீ பரவியது. அவ்வாரத்தின் இறுதியில் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கில் ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கிப் போக்குவரத்தை நிறுத்தினர். லெனின்கிராடு என்னும் பெயரோடு 1941 செப்டம்பர் முதல் 1944 சனவரி வரை 872 நாள் முற்றுகையில் பசித்துக் கிடந்த மாநகர் அது. அந்நாளைய குழந்தைகளே இந்நாளைய கிழவியரும் கிழவரும். முற்றுகை நீங்கிய நாளின் நினைவு விழாவுக்கு இரண்டு வாரங்களே இருந்தன. போர் வெற்றியின் அறுபதாம் ஆண்டு விழாவுக்கோ நாடே ஒருங்கிக்கொண்டிருந்தது. வெற்றிக்கு விழா எடுத்துக்கொண்டே, அவ்வெற்றிக்கு உழைத்த தலைமுறையைப் பேருந்தின் படியிலிருந்து இறக்கிவிடுவதை என்னென்பது!

இனி, அரசின் தரப்பில் கூறப்பட்ட வாதங்களை நேர்மையாக எடுத்து ஆராய்வோம். எதிரியின் வாதத்தைக் கேளாமல் அடிப்பது வீரமன்று.

முதல் வாதம், சிற்றூர் பற்றியது. பேருந்தே செல்லாத ஊரில் வாழும் முதியவர்க்கு இலவசப் பயணத்தால் என்ன பயன்? பணம் கொடுத்தால் அவர் விரும்பியதை வாங்கிக்கொள்வாரன்றோ? கேட்பதற்கு இனிய வாதந்தான். இதில் உண்மையும் ஒரு பங்கு உண்டு. பணம் பெற்றுப் பயனடைந்த சிற்றூரார் இருந்தனர். ஆயின் அவர்க்குக் கொடுப்பதற்காக நகரத்துக் கிழவியிடமிருந்து பறிக்க வேண்டும் என்று எந்த அறநூல் கூறுகிறது? சிற்றூர்க்குப் பேருந்து இல்லையென்றால் பேருந்து விடுவதே அரசின் வேலை. ஓர் ஊரில் கிணறு இல்லை என்பதற்காக அடுத்த ஊர்க் கிணற்றைத் தூர்க்கும் பேதைமையை நாம் எங்கும் கண்டதில்லை.

இரண்டாம் வாதம், போக்குவரத்து நிறுவனங்கள் பற்றியது. இலவசமாக ஏற்றிச் சென்ற பயணிகட்கு உரிய தொகையை அரசு முறையாகத் தரவில்லை. நிறுவனங்கள் நட்டத்தில் வாடின என்றனர். இதுவும் உண்மையே. ஆயின் இவ்வுண்மை யாரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது? கடன்பட்டுத் திருப்பித் தராதவர் அரசினர், தண்டிக்கப்பட்டவரோ முதியோர். பள்ளிக்கட்டணத்தைத் தந்தை கட்டவில்லையென்றால் பிள்ளையை வெளியே நிறுத்துவதைப் போன்றதே இது.

மூன்றாம் வாதம், பணமில்லை என்பது. இதைச் சொல்ல அவர்கட்கு வாய் கூசியிருக்க வேண்டும். எண்ணெய் விலை ஏறிய காலம் அது. 2004 இல் இரஷ்யக் கூட்டாட்சியின் வரவு செலவுக் கணக்கு உபரியில் இருந்தது. எண்ணெய் வருவாயைச் சேமிக்கவென அவ்வாண்டிலேயே தொடங்கப்பட்ட நிலைப்படுத்து நிதியில் கோடி கோடியாக ரூபிள் குவிந்து கிடந்தது. வறுமையில் வாடும் குடும்பம் பாட்டியின் கஞ்சியைக் குறைத்தால் அது துயரம். பத்தாயம் நிறைந்த வீடு குறைத்தால் அதற்குத் துயரம் என்று பெயரில்லை.

வாதங்கள் ஒருபுறம் நிற்க, 'பணமாக்கல்' என்பதன் அடிப்படைப் பிழையைக் காண்போம். பயண உரிமையும் பணமும் ஒன்றுக்கொன்று ஈடாகுமா? ஆகா. பேருந்தின் கட்டணம் ஏறினாலும் உரிமை ஏறியிறங்குவதில்லை. பத்து ரூபிள் கட்டணத்திலும் நூறு ரூபிள் கட்டணத்திலும் அட்டை ஒரே கதவைத் திறக்கும். பணத்தின் இயல்பு அத்தகையதன்று. விலைவாசி என்னும் வெயிலில் அது நாள்தோறும் உருகும். சட்டம் வந்த முதல் மாதத்திலேயே, பல வட்டாரங்களில் உழைப்பு மூத்தோர்க்குக் கிடைத்த சில நூறு ரூபிள் பேருந்துக்கும் மருந்துக்கும் ஒருங்கே போதவில்லை. முதல் மாதத்திலேயே போதாத தொகை, பத்தாண்டு கழிந்தபின் என்ன ஆகும்?

இதனினும் நுட்பமான இழப்பு ஒன்றுண்டு. அட்டை கையிலிருந்த காலத்தில் ஒரு மூதாட்டி மகளைக் காணப் போவதும், கல்லறையில் கணவர்க்கு மலர் வைக்கப் போவதும், அங்காடியில் காலணா குறைவாகக் கிடைக்கும் கிழங்கைத் தேடிப் போவதும் கணக்குப் பார்க்க வேண்டாத செயல்கள். பணமாக்கிய பின் ஒவ்வொரு பயணமும் ஒரு செலவு. இன்று மகளைப் பார்த்தால் நாளை மருந்தில் குறையும். எனவே அவர் வீட்டிலேயே இருந்துவிடுவார். யாரும் அவரைச் சிறையிட்டதில்லை. எனினும் அவர் சிறையிருப்பார். நடமாட்டம் என்பது முதுமைக்கு உயிர்ப்பு. அதனைச் சந்தைப் பொருளாக்கி, 'இந்தா விலை, வேண்டுமானால் வாங்கிக்கொள்' என்று கூறுவதே பணமாக்கலின் உட்பொருள்.

இது பிற நாட்டார் கதை என்று ஒதுக்கிவிட வேண்டா. பயண உரிமையைப் பற்றிய இதே வழக்கு, நம் நாட்டுச் சட்டங்கட்கு வேராக நின்ற ஆங்கிலச் சட்டத்திலும் ஒருமுறை நீதிமன்றம் ஏறியது. இங்கிலாந்தின் பர்மிங்காம் மாநகராட்சி, 65 வயது கடந்த பெண்டிர்க்கும் 70 வயது கடந்த ஆடவர்க்கும் தன் பேருந்துகளில் குறிப்பிட்ட நேரங்களில் இலவசப் பயணம் அளித்தது. வரி செலுத்தும் ஒருவர் வழக்குத் தொடுத்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் 1954 இல் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. வரி செலுத்துவோரின் பணத்தைக் காக்கும் கடமை மாநகராட்சிக்கு உண்டு. ஒரு பிரிவினர்க்குத் தன் விருப்பப்படி பரிசளிக்க அதற்கு அதிகாரமில்லை என்பதே தீர்ப்பின் சாரம். முதியோரின் பயணத்தை 'ஈகை' என்று பெயரிட்டவுடன் சட்டம் அதனை எளிதில் வெட்டிவிட்டது, பாருங்கள்!

ஆயின் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டே, 1955 இல், இங்கிலாந்து நாடாளுமன்றம் தனிச் சட்டம் இயற்றி அத்தகைய சலுகைகளைத் தொடர வழிசெய்தது. 2008 ஏப்ரல் தொட்டு இங்கிலாந்து முழுதும் முதியோர் நெரிசலற்ற நேரங்களில் ஊர்ப் பேருந்துகளில் கட்டணமின்றிச் செல்லும் உரிமை சட்டத்தால் உறுதியாயிற்று. பர்மிங்காமில் பரிசு என்று எண்ணி வெட்டப்பட்டது, சட்டத்தில் உரிமை என்று எழுதப்பட்டபின் நிலைபெற்றது. இரஷ்யாவில் உரிமையாக இருந்தது, ஈகை என்று எண்ணப்பட்டதும் காசாகிக் கரைந்தது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பார்க்கு உண்மை புலப்படும்.

ஈகையாளன் நினைத்தால் கொடுப்பான், நினைத்தால் நிறுத்துவான், நிறுத்தினால் பெற்றவர் வாய்பேச இயலாது. கடன்பட்டவன் நிலை வேறு. நாற்பதாண்டு சாலை போட்ட கை, சுரங்கம் தோண்டிய கை, பள்ளியில் எழுத்தறிவித்த கை ஆகிய இவற்றின் உழைப்பில் எழுந்ததே இன்றைய நகரமும் அதன் பேருந்தும். அவ்வுழைப்பின் முழுக்கூலியும் அந்நாளில் கொடுக்கப்பட்டுவிடவில்லை. மிச்சத்தை நாடு முதுமையில் தருகிறது. பயண அட்டை அம்மிச்சத்தின் ஒரு பற்றுச்சீட்டு. அதனை 'இலவசம்' என்று நாம் அழைப்பதே தவறு. முன்னரே விலை கொடுத்தவர்க்கு எது இலவசம்?

முதியோரின் சினம் வீண் போகவில்லை. ஏப்ரலில் வரவிருந்த ஓய்வூதிய உயர்வை அரசு மார்ச்சு முதல் நாளுக்கு முன்தள்ளியது. உயர்வின் அளவையும் கூட்டியது. வட்டாரங்கள் பலவும் முதியோர்க்கெனக் குறைந்த விலை மாதச் சீட்டை அவசர அவசரமாக அச்சிட்டன. பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானமும் வந்தது, அது தோற்றது. சட்டம் நீக்கப்படவில்லை. திருப்பிக் கொடுக்கப்பட்டவையும் மீண்டும் 'சலுகை' என்னும் பெயரிலேயே வந்தன. அதன் விளைவையும் காண்க: 2015 இல் மாஸ்கோ வட்டாரம் தன் ஓய்வூதியர் பலர்க்கு மாஸ்கோ நகருக்குள் இருந்த இலவசப் பயணத்தை மீண்டும் நிறுத்தியது, 2018 இல் மீண்டும் அளித்தது. கொடுப்பதும் எடுப்பதும் விளையாட்டாயின. ஈகை என்று பெயர் சூட்டியவற்றின் கதி இதுவே.

'சாலையை மறிப்பது முறையா?' என்று வினவும் நல்லோர் சிலர் உளர். அவர்கட்கு ஒன்று கூறுவேன். சட்டம் இயற்றப்பட்ட ஆகஸ்டுத் திங்களுக்கு முன்பே மாஸ்கோவில் எதிர்ப்புக் கூட்டங்கள் நடந்தன, எவரும் செவிசாய்க்கவில்லை. சாலை மறிக்கப்பட்ட சில நாள்களில் அமைச்சர்கள் பதில் சொல்லத் தொடங்கினர். அமைதியாகக் கேட்டபோது கேளாத காது, போக்குவரத்து நின்றபோது கேட்டது. குறை காலிலா, காதிலா என்பதை நீங்களே முடிவு செய்க.

ஆசிரியப் பெருமக்களே, மாணவச் செல்வங்களே! நம் நாட்டிலும் முதியோர்க்குப் பயணச் சலுகைகள் உண்டு; மருத்துவச் சலுகைகள் உண்டு. அவற்றுள் ஏதேனும் ஒன்றைச் 'சீரமைக்க' ஒரு நாள் எவரேனும் முன்வரக்கூடும். அன்று மூன்று வினாக்களைக் கேளுங்கள். தரும் தொகை, விலை ஏறும்போது தானும் ஏறுமா? அதனைத் தரும் பொறுப்பு, தர இயலாத ஒருவர் தலையில் சுமத்தப்படுகிறதா? இழக்கப்போகிறவரை யாராவது கேட்டார்களா? இம்மூன்றுக்கும் நேரிய விடை கிடைக்காதவரை, அதற்கு எத்துணை அழகிய பெயர் சூட்டப்பட்டிருப்பினும், 'பறிப்பு' என்றே எழுதுங்கள். பொருளுக்கு உரிய சொல்லை இட்டு வழங்குவதே மொழி கற்றோர் செய்யத்தக்க முதல் தொண்டு.