துண்டு விழுந்தால் யார் தலையில்?

வீட்டுச் செலவில் துண்டு விழுந்தால் நம் தாய்மார்கள் என்ன செய்கிறார்கள்? தம் சாப்பாட்டைக் குறைத்துக்கொள்கிறார்கள். பிள்ளையின் தட்டில் கை வைப்பதில்லை. சர்க்கார் கணக்கோ இதற்கு நேர்மாறு. பட்ஜெட்டில் துண்டு விழுந்தால் முதல் கத்திரி பள்ளிக்கூடத்தின் மேல் விழுகிறது. தேச வருமானத்தில் நூற்றுக்கு ஆறு பங்கு கல்விக்கு வேண்டும் என்று 1966இல் கோத்தாரி கமிஷன் சொன்னது. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் அதே ஆறைத்தான் இலக்கு என்கிறது. 54 ஆண்டுகளாக எட்டாத ஆறு!

பணம் குறைந்தால் பள்ளிக்கூடம் எப்படிச் சமாளிக்கிறது? செலவில் பெரும்பங்கு ஆசிரியர் சம்பளம். இருப்பவர் சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஆகவே ஓய்வு பெற்றவர் இடத்தை நிரப்பாமல் விடுவார்கள். தற்காலிக ஆசிரியரை வைத்து ஓட்டுவார்கள். இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள். படிப்பு கெடும், வசதி உள்ளவர்கள் பிள்ளையை வேறு பள்ளிக்கு மாற்றுவார்கள். அப்புறம், ‘மாணவர் எண்ணிக்கை குறைந்துவிட்டது’ என்று மிச்சமிருக்கும் பணியிடத்தையும் எடுப்பார்கள். ரயில்வேயில் வேலை பார்க்கும் நமக்கு இந்த வித்தை புதிதல்ல. கிளைப் பாதையில் முதலில் ஒரு வண்டியை நிறுத்துவார்கள். பிறகு பயணிகளே இல்லை என்று ஸ்டேஷனை மூடுவார்கள்.

தலைநகரில் நம் பிள்ளைகளுக்கு இருக்கும் ஆதரவு, நூறாண்டு கண்ட தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் ஏழு பள்ளிகள். அரசு உதவி பெறும் பள்ளியில் சம்பளச் செலவில் நூற்றுக்கு 95 பங்கு அரசு தருகிறது. மீதி 5 நிர்வாகத்தின் பொறுப்பு. ஆனால் எத்தனை ஆசிரியர் என்பதைத் தீர்மானிப்பது தலைக்கணக்கு. தலை குறைந்தால் பணியிடம் குறையும். அப்படிக் குறையும்போது, இந்த ஊரில் தமிழ் வாத்தியாருக்காக வாதாட நம்மை விட்டால் யார் இருக்கிறார்கள்?

2025 ஜூன் முதல் தேதி நடந்ததை இந்தக் கணக்கோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாராபுல்லா வாய்க்கால் ஓரம் இருந்த மதராசி கேம்ப், உயர் நீதிமன்ற உத்தரவின் பேரில் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகள் தரைமட்டமாயின. எல்லாருக்கும் மாற்று வீடு கிடைக்கவில்லை. கிடைத்தவர்களுக்கும் ஏறக்குறைய 40 கிலோமீட்டருக்கு அப்பால், நரேலாவில். லோதி எஸ்டேட் தமிழ்ப் பள்ளிக்குப் போய்வந்த பிள்ளை இனி எந்தப் பஸ்ஸில் எத்தனை மணிக்குக் கிளம்பும்? புல்டோசர் இடித்தது வீட்டை மட்டுமல்ல. ஒரு பள்ளியின் வருகைப் பதிவேட்டையும்தான்.

நம் ஊர் நிலவரம் மட்டும் என்ன? பி.எம். ஸ்ரீ ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்திடவில்லை என்று, சமக்ர சிக்ஷா திட்டத்தில் 2024-25ஆம் ஆண்டுக்குரிய ரூ. 2,152 கோடியை மத்திய அரசு நிறுத்தி வைத்தது. 2025 மே மாதம் மாநில அரசு உச்ச நீதிமன்றத்தின் படியேறியது. கஜானாவில் இல்லாமல் குறைந்த பணமல்ல இது. வைத்துக்கொண்டே கொடுக்காத பணம்.

பணமில்லை என்ற பேச்சுக்குத் தமிழகம் ஒருமுறை பதில் சொல்லியிருக்கிறது. 1953இல் ராஜாஜி அரசு தொடக்கப்பள்ளி நேரத்தைப் பாதியாக்கி, மீதி நேரம் பிள்ளை அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றது. மக்கள் கொதித்தெழுந்தார்கள். 1954இல் காமராசர் அதை ரத்து செய்தார். பிறகு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர் மக்கள் பெஞ்சும் கரும்பலகையும் கொண்டுவந்து கொடுத்தார்கள். ஆனால் மக்கள் கொடுக்கிறார்களே என்று அன்றைய அரசு தன் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்ளவில்லை. இதுதான் பாடம்: நம் கை நீளும், அரசின் கை சுருங்கக் கூடாது.

ஆகவே நாம் கேட்பது மூன்று. நரேலாப் பிள்ளைகளுக்குப் பள்ளி நேரத்தில் பஸ். அங்குள்ள அரசுப் பள்ளியில் தமிழ் ஆசிரியர். உதவி பெறும் பள்ளிகளில் ஆசிரியர் இடம் காலியானால் தாமதமின்றி நிரப்புதல்.

நம்மையும் நாமே கேட்டுக்கொள்ள வேண்டும். நாலு காசு சேர்ந்ததும் பிள்ளையைத் தனியார் பள்ளியில் சேர்த்துவிட்டு, பொங்கல் விழா மேடையில் தமிழ் வாழ்க என்று முழங்குபவர்கள் நம்மிடையே இல்லையா? 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோருக்கு உரியது. உதவி பெறும் பள்ளியில் அது ஆலோசனைக் குழுதான். ஆனாலும் உட்கார்ந்து கேள்வி கேட்க அங்கே நமக்கு ஒரு நாற்காலி உண்டு. ஒரு நாள் கூலி போனாலும் போய் உட்காருவோம். பிள்ளைகளைச் சேர்ப்போம். தலைக்கணக்கில்தான் பள்ளி நிற்கும் என்றால், அந்தத் தலைகள் நம் வீட்டில் இருக்கின்றன.